கா

மின்சாரம் போவதற்குள் பார்த்து முடிக்க வேண்டும்.
நுணுக்குக்காட்டியின் கீழே
பெரியகல்லாற்றில் பிடித்த நுளம்பு.
காலில் வெள்ளைப் பட்டி. ஈடிஸ்தான். பெண்தான்.
படிவத்துக்கு அவ்வளவும் போதும்.

ஆனாலும் சிறகின் பின்னால்
வெளிறிய இரண்டு குமிழ்,
காம்பு வைத்து, ஊசித்தலையிலும் சிறிதாய்.
அந்த இடத்தில் ஒரு காலம்
இன்னொரு சோடிச் சிறகு இருந்ததாம்.
தும்பிக்கு நாலு, வண்ணாத்திக்கு நாலு,
இதற்கும் ஈக்கும் பாதி சுருங்கி
இப்படி ஆகிவிட்டது.

வெட்டிவிட்டால் நுளம்பு பறக்காது.
சிறகு இரண்டும் சுகமாய் இருக்கும்,
சுழன்று சுழன்று நிலத்தில் விழும்.

ஹல்டியர் என்று வந்தாறுமூலையில் பாடமாக்கினேன்,
பரீட்சை முடிந்ததும் மறக்கிற சொற்களோடு.
கிரேக்கத்தில் அது பாய்தலில் பிறந்த சொல்.
நீளம் பாய வந்தவர்கள்
கைக்கொரு கல்லோ ஈயமோ பிடித்து
ஓடி வந்து முன்னே வீசி எழும்பி
விழப்போகும் நேரம் பின்னே தள்ளுவார்களாம்.
பாரம் பிடித்தவன் கூடத் தூரம் போனான்.
அந்தக் கல்லின் பெயரை
எவரோ கொண்டுவந்து
ஈயின் விலாவில் வைத்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு
நுளம்பைப் பெரிதாய்க் கீறியிருக்கிறேன்.
எல்லா அம்புக்கும் தமிழ் எழுதியாயிற்று,
இந்த ஒன்று மட்டும் வெறுமை.
'சமநிலைப்படுத்தும் உறுப்பு' என்கிறது சொற்தொகுதி.
எழுதிப் பார்த்தேன்,
சொல் வயிறு தாண்டி
கடைசிக் காலில் போய் முட்டுகிறது.

நுளம்பு பிடித்த வீடு நல்லரெத்தினத்துடையது.
கொட்டிலுக்குப் பின்னால் உடைந்த றெஜிபோம் மீன்பெட்டி,
அதற்குள் போன கிழமை மழை,
மழைக்குள் நெளிகிற குடம்பிகள்.
கடிதம் எழுத வேண்டும் என்றேன்.
எழுதுங்கோ என்றார்.
கையொப்பம் இடக்கையால் வைத்தார்.

வாடைக்காற்று.
கொடியில் காய்ந்த சாறன் படபடக்க
அவருடைய வலக்கைச் சட்டை மட்டும்
அசையாமல் நேராய்த் தொங்கியது.
கை உள்ளே இல்லை என்பது
மணிக்கட்டில் குத்திய ஊசியில் தெரிந்தது.
எப்படிப் போனதென்று நான் கேட்கவில்லை,
இந்தப் பக்கத்தில் அதைக் கேட்பதில்லை.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.
"மணல்கா. முக்கால் கிலோ.
மீன்தராசில வைச்சு நிறுத்துத்தான் போட்டன்.
பையை நானே தைச்சன், பல்லால நூலிழுத்து.
இது இல்லாட்டி
பாலத்தில சைக்கிள் இடப்பக்கம் இழுக்குதுகா."

பெட்டியைக் கவிழ்த்தேன்.
குடம்பிகள் மணலில் துள்ளி அடங்கின.
புகை இயந்திரத்தோடு ஜௌபர் வாசலில் நின்று
ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

இரவு, கட்டை விளக்கில் அகராதி.
கா.
சோலையாம். காத்தலாம்.
தோளில் காவுகிற தடியாம்.
நூறு பலம் கொண்ட ஒரு நிறையுமாம்.
எங்களுக்கோ
பெண்பிள்ளைகளை அழைக்க வசனத்தின் வாலில்
சும்மா தொங்கவிடுகிற எழுத்து.
தொங்கவிடாவிட்டால்
பேச்சு ஒரு பக்கம் இழுத்துவிடும்.

அம்புக்குறியின் முனையில் எழுதினேன்.
இடம் மிஞ்சியது.

வைத்திய அதிகாரி சிவப்பு மையால் வட்டம் போட்டு
'எழுத்துகள் விடுபட்டுள்ளன' என்று திருப்பிவிட்டார்.
இன்னும் திருத்தவில்லை.

இன்று காலை கல்லாற்றுப் பாலத்தில்
எங்கள் வாகனத்தை முந்திக்கொண்டு
ஒரு சைக்கிள் போனது.
பின்னால் புதுப் பெட்டி, மூடி போட்டு,
மூடியின் மேல் கயிறு.
இரு பக்கமும் தண்ணீர்.
ஜௌபர் வேகத்தைக் குறைத்தான்.